அந்தத் தெருவுக்குப் போகும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர்ப் பக்கம் சின்னச் சபை எங்களுடையது. ஞாயிறு ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, வெயில் தாழ்ந்ததும் ஏழெட்டுப் பேர் சேர்ந்து சபைக்கு வராத தெருக்களுக்குப் போய் வருகிறோம். காலனி, லைன் வீடுகள், பனியன் கம்பெனி ஆட்கள் தங்கும் ரூம்கள். புதிதாகக் கூட வருகிறவர்கள் முதல் வாரம் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொரு முறையும் வழியில் நடந்துகொண்டே சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று எழுதினேன். நான் போதகர் இல்லை, கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். அதனால் பிரசங்க வாடை கம்மியாகவும் கணக்கு வாடை கொஞ்சம் தூக்கலாகவும் இருக்கும். வசனங்கள் நமக்குப் பழகின பழைய மொழிபெயர்ப்பில் உள்ளவை.

"பிறனிடத்தில் அன்புகூரு" என்கிறதே வேதம். பிறன் என்றால் பக்கத்து வீட்டுக்காரரா?

இந்தக் கேள்வி புதிது இல்லை. லூக்கா 10-ல் ஒரு நியாயசாஸ்திரி (யூத வேதச் சட்டம் படித்தவர்) இயேசுவிடம் கேட்டதே இதைத்தான்: "எனக்குப் பிறன் யார்?" எதுவரைக்கும் போனால் போதும், எங்கே நின்றுகொள்ளலாம் என்று எல்லைக்கல் தேடுகிற கேள்வி அது. பதிலாகத்தான் நல்ல சமாரியன் கதை வந்தது. எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகிற வழியில் ஒருவன் அடிபட்டுக் குற்றுயிராய்க் கிடக்கிறான். கோயில் ஆசாரியன் பார்த்துவிட்டு விலகிப் போகிறான், கோயில் ஊழியம் செய்கிற லேவியனும் அப்படியே. யூதர்கள் வீட்டு வாசலில் சேர்க்காத சமாரியன் ஒருவன்தான் மனதுருகி, கிட்ட வந்து, காயம் கட்டுகிறான்.

மூலத்தில் இருக்கிற சொல்லுக்குக் 'கிட்டத்தில் இருப்பவன்' என்று பொருள். கத்தோலிக்கர் வாசிக்கிற திருவிவிலியத்தில் 'அடுத்திருப்பவர்' என்றே இருக்கிறது. நம் பழைய மொழிபெயர்ப்பில்தான் 'பிறன்'. தமிழில் பிறன் என்றால் நம்மவன் இல்லாதவன். பிறன்மனை என்று வள்ளுவர் சொல்லும்போது அதே பொருள்தான். அர்த்தம் தலைகீழாகிவிட்டதே என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன். இப்போது அந்தச் சொல்லை விட மனமில்லை. கதையில் வருகிறவன் நிஜமாகவே பிறன்தானே.

கதை முடிந்ததும், "இந்த மூன்றுபேரில் எவன் பிறனாயிருந்தான்?" என்று இயேசு கேட்க, "அவனுக்கு இரக்கஞ்செய்தவனே" என்கிறார் நியாயசாஸ்திரி. 'சமாரியன்' என்ற பேரை வாய் திறந்து சொல்லவில்லை. நம் ஊரிலும் 'அந்தத் தெரு ஆளுங்க', 'அந்தப் பக்கத்தவங்க' என்றுதான் சொல்கிறோம், பேர் வருவதில்லை.

இன்னொன்று, இது கணக்கு எழுதுகிறவன் கண்ணில் படுவது. சமாரியன் சத்திரக்காரனிடம் கொடுத்தது இரண்டு பணம். அந்தக் காலத்தில் ஒரு பணம் ஒரு நாள் கூலி. இரண்டு நாள் ஷிப்ட் காசைக் கையில் கொடுத்துவிட்டு, அதிகமாய் ஏதாவது செலவழித்தால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான். வரம்பு போடாத கணக்கு. எந்தக் கம்பெனியிலும் இப்படி வவுச்சரில் கையெழுத்து வாங்க முடியாது.

முதல் தடவை போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்? அரிசி, போர்வை, சோப்பு?

ஒன்றும் வேண்டாம். கொஞ்சம் தாகத்தோடு போங்கள், போதும்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. யோவான் 4-ல் சமாரியா ஊர்க் கிணற்றடியில் இயேசு முதலில் சொன்ன வார்த்தை "தாகத்துக்குத் தா" என்பதுதான். அந்தப் பெண் திகைத்துப் போகிறாள். "நீர் யூதனாயிருக்க, சமாரியா ஸ்திரீயாகிய என்னிடத்தில், தாகத்துக்குத்தா என்று எப்படிக் கேட்கலாம்" என்கிறாள். யூதர்கள் சமாரியருடனே சம்பந்தங்கலவாதவர்கள் என்று யோவான் அடியிலேயே விளக்கமும் எழுதிவிடுகிறார். மொண்டுகொள்ள இயேசுவிடம் பாத்திரம் இல்லை. அவள் குடத்திலிருந்துதான் குடித்தாக வேண்டும். கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்கு இந்தப் பகுதிக்கு வியாக்கியானம் தேவையே இல்லை. டீக்கடையில் இரட்டை டம்ளர் இருந்த ஊர் இது. சிலருக்குக் கண்ணாடி டம்ளர், சிலருக்கு வெளியே சொருகி வைத்த கொட்டாங்குச்சி. அப்புறம் பேப்பர் கப் வந்தது. எல்லாருக்கும் ஒரே கப், குடித்ததும் தூக்கி எறி. இரட்டை டம்ளர் ஒழிந்துவிட்டதா, பேப்பர் கப்புக்குள் ஒளிந்துகொண்டதா என்பதைக் கடைக்காரரும் சொல்ல மாட்டார், நாமும் கேட்க மாட்டோம்.

எங்கள் கதைக்கு வருகிறேன். முதல் தடவை ஒரு அருந்ததியர் காலனிக்குப் போனபோது ஒரு அம்மா திண்ணையைக் கூட்டிவிட்டு உட்காரச் சொன்னார். உள்ளே ஷெல்பில் எவர்சில்வர் டம்ளர்கள் பெரிசும் சிறுசுமாக வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தது வாசலிலிருந்தே தெரிந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்த பளபளப்பு. டீ வைக்கிறேன் என்றார். சரி என்றோம். உடனே மகனைக் கூப்பிட்டு, முந்தானையில் முடிந்திருந்த காசை எடுத்துக் கொடுத்து ஏதோ காதில் சொன்னார். பையன் ஓடிப் போய் ஒரு சரம் பேப்பர் கப் வாங்கி வந்தான். அதில்தான் எங்களுக்கு டீ. குடித்தோம். குடித்துவிட்டோம் என்று எங்களுக்கு ஒரே பூரிப்பு. திரும்பி வரும் வழியில், அப்படியொரு காலனியில் பிறந்து வளர்ந்து ரிட்டயர் ஆன எங்கள் சபை டீச்சரம்மா மெதுவாகக் கேட்டார்: "அவங்க டம்ளரை எடுக்கவே இல்லையே, பாத்தீங்களா?"

ஏழு பேரில் ஒருத்தரும் பார்த்திருக்கவில்லை. எங்களுக்காக அந்த அம்மா தன் வீட்டிலேயே தன்னைத் தள்ளி வைத்துக்கொண்டார். அதற்குக் காசும் கொடுத்தார்.

அடுத்த வாரம் போய், "அந்த டம்ளர்லயே குடுங்கம்மா" என்று டீச்சர்தான் கேட்டார். "உங்களுக்குச் செரிங்களா?" என்றார் அந்த அம்மா. சரிதான் என்று சொன்ன பிறகும் டம்ளரை மறுபடி ஒரு தரம் கழுவினார், எங்கள் கண் முன்னால். அதனால்தான் அரிசி மூட்டை வேண்டாம் என்கிறேன். கொடுக்கிறவன் நின்றுகொண்டே கொடுத்துவிட்டு வந்துவிடலாம். வாங்கிக் குடிக்கிறவன்தான் உட்கார வேண்டியிருக்கிறது. "இப்பத்தான் குடிச்சுட்டு வந்தோமுங்க" என்ற பொய்யை மட்டும் அந்தத் தெருவில் சொல்லாதீர்கள். அந்தப் பொய்யைக் கேட்டுக் கேட்டு அவர்களுக்கு மனப்பாடம்.

எப்படிக் கூப்பிடுவது? அண்ணனா, ஐயாவா, பேர் சொல்லியா?

நம் பக்கத்துப் பேச்சு மரியாதைக்குப் பேர்போனது. 'ங்க' இல்லாமல் வாக்கியம் முடியாது. "ஏனுங்க", "வாங்க", "செரிங்க" என்று கேட்டால் மதுரைக்காரர்கள் சொக்கிப் போகிறார்கள். ஆனால் அந்த 'ங்க' யாருக்கெல்லாம் போகிறது என்று ஒரு நாள் முழுக்கக் காதைத் தீட்டிக் கேட்டுப் பாருங்கள். அறுபது வயதுத் தோட்டத்து ஆளைப் பத்து வயதுப் பையன் பேர் சொல்லி, "டேய்" போட்டுக் கூப்பிடுவான். அவர் "ஏனுங்க சின்னப் பண்ணாடி" என்பார். நம் வாயில் இருக்கிற மரியாதைக்கே இரட்டை டம்ளர் உண்டு.

யாக்கோபு நிருபம் 2-ம் அதிகாரத்தில், சபைக்கு வருகிற பணக்காரனுக்கும் ஏழைக்கும் கொடுக்கிற இடத்தைப் பற்றி வருகிறது. பொன்மோதிரம் போட்டவனிடம் "நீர் இந்த நல்ல இடத்தில் உட்காரும்". தரித்திரனிடம் "நீ அங்கே நில்லு". கிரேக்கத்தில் இரண்டு பேருக்கும் ஒரே 'நீ'தான். இந்த 'நீர்', 'நீ' வித்தியாசத்தைப் போட்டது தமிழில் மொழிபெயர்த்தவர்கள். தமிழன் இப்படித்தான் பேசுவான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வேதத்தில் எனக்கு மிகவும் கூச்சம் தருகிற இடம் இது.

அதனால், வயதுக்குத் தக்கபடி அண்ணா, அக்கா, பெரியம்மா, ஐயா. உங்கள் வீட்டில் அந்த வயதுக்காரரை எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படி. கூட வருகிற குழந்தைகளுக்கும் சொல்லிக் கூட்டி வாருங்கள். 'உங்காளுங்க' என்ற சொல் வேண்டாம். "எந்த ஊருங்க? அங்க எந்த வீதி?" என்று துழாவிப் போகிற கேள்வியும் வேண்டாம். எதற்குக் கேட்கிறீர்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

நம் சபைகளுக்குள்ளேயே சாதி இருக்கிறதே. வெளியே போய் என்ன சொல்வது?

இருக்கிறது. மறைக்க வேண்டாம். மணமகள் தேவை விளம்பரத்தில் 'ஜெபிக்கிற பெண்' என்று போட்டு, கீழே சாதியையும் போடுகிறோம்.

இது இன்று நேற்று வந்ததும் இல்லை. 1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி, காவி உடுத்தி, சைவ உணவு சாப்பிட்டு, உயர்சாதியார் ஏற்றுக்கொள்ளும்படி சந்நியாசியாக வாழ்ந்தார். தமிழும் சமஸ்கிருதமும் கற்று, நம் மண்ணின் வழியில் விசுவாசத்தைச் சொல்ல முனைந்த பெரிய மனிதர். ஆனால் அவர் அந்தப் பக்கம் போய்விட்டால் இந்தப் பக்கம் வர முடியாது. ஆகவே 1640 வாக்கில் மற்றச் சாதியாருக்கென்று 'பண்டாரசுவாமி' என்ற பேரில் தனிக் குருக்களை ஏற்படுத்தினார்கள். பல்தசார் தா கோஸ்தா முதல் ஆள். ஒரே சபை, ஒரே விசுவாசம், ஊழியக்காரர் மட்டும் இரண்டு வகை. தடுப்பைத் தாண்ட வழி கண்டுபிடித்தார்கள், தடுப்பு அப்படியே நின்றது. அவர்களைக் குறை சொல்ல நமக்குத் தகுதி இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

கலாத்தியர் 2-ஐ ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். பேதுரு அந்தியோகியாவில் புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவர்களோடு, உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் சிலர் வந்ததும், அவர்களுக்குப் பயந்து 'விலகிப் பிரிந்தான்' என்கிறது வசனம். சொந்த ஊர் ஒறம்பரை (உறவுக்காரர்கள்) வந்ததும் பந்தி மாறிவிட்டது. இத்தனைக்கும், கொர்நேலியு என்ற ரோம அதிகாரியின் வீட்டுக்குப் போய், "தேவன் பட்சபாதமுள்ளவரல்ல" என்று சாட்சி சொன்ன அதே பேதுரு. பவுல் அவரை எல்லாருக்கும் முன்பாக முகமுகமாய் எதிர்த்தார். சாப்பாட்டுத் தட்டு விஷயம் தானே என்று விடவில்லை.

எங்கள் சபையில் ஒரு சின்ன மாற்றம் செய்தோம். சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அசன விருந்துக்கு யார் சமைப்பது என்று சீட்டுக் குலுக்கிப் போடுகிறோம். முதல் வருஷம் இரண்டு குடும்பம் 'உடம்பு சரியில்லை' என்று வரவில்லை. இரண்டாம் வருஷம் ஒரு குடும்பம். அரிசிம்பருப்பு வாசனைக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியாது என்று டீச்சர் சொல்வார்.

வடநாட்டு ஆட்களிடம் எப்படிப் பேசுவது? நமக்கு இந்தி தெரியாதே.

முதலில் அவர்களை எல்லாம் 'இந்திக்காரங்க' என்று ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். ஒடிசாக்காரர் பேசுவது ஒடியா. மேற்கு வங்கத்தவர் வங்காளி. பீகார்க்காரர் வீட்டில் பேசுவது போஜ்புரியோ மைதிலியோ. ஜார்க்கண்டில் சந்தாலி, முண்டாரி, சாத்ரி. நமக்குத் தெரியாத அதே இந்தியை அவர்களும் இரண்டாம் மொழியாகத்தான் திக்கித் திணறிப் பேசுகிறார்கள். 'வடக்கன்' என்ற சொல்லை விட்டுவிடுங்கள். அதில் என்ன தொனி இருக்கிறது என்று அவர்களுக்கு வந்த வாரமே புரிந்துவிடுகிறது.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. திருப்பூர் ரயில் நிலையத்தில் பையோடு கூட்டம். எங்கள் பக்கத்து லைன் வீட்டிலும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நாங்கள் நாலு பேர் போய்ச் சும்மா வாசலில் உட்கார்ந்தோம். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிற ஜார்க்கண்ட் தம்பி ஒருவர், வந்தவர்கள் யார் என்று கேட்டார். எங்களில் ஒருவர் சைகையால் சிலுவை போட்டுக் காட்டி, "சர்ச்" என்றார். மனதுக்குள் எங்களுக்கு நற்செய்தி சொல்ல வாசல் திறந்துவிட்டது என்ற எண்ணம். அந்தத் தம்பி உள்ளே போய், தகரப் பெட்டிக்கு அடியிலிருந்து அட்டை கிழிந்த பாட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தார். தாத்தா காலத்திலிருந்து அவர்கள் குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம். ராஞ்சிப் பக்கத்துக்கு ஜெர்மன் மிஷனரிகள் 1845-லேயே போய்விட்டார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கோயம்புத்தூருக்கு லண்டன் மிஷன் வந்தது 1830. கிட்டத்தட்ட ஒரே வயதுச் சபைகள். அவர் பாடினார். வார்த்தை புரியவில்லை, மெட்டு புரிந்தது. இரண்டு வருஷமாகப் பக்கத்துத் தெருவில் இருந்தும் அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நாங்கள் கூப்பிட்டதில்லை.

செய்யக்கூடிய உதவி நிறைய இருக்கிறது, எல்லாம் சில்லறை வேலைதான். அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்கக் கூட நிற்பது. டாக்டர் சொன்னதைப் போனில் மொழிபெயர்த்துச் சொல்வது. பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்க்கக் கூடப் போவது. சனிக்கிழமை சம்பளத்தில் பிடித்தம் ஏன் என்று புரியாதவருக்குச் சீட்டைப் படித்துக் காட்டுவது. கடைசிச் சொன்னதைச் செய்தால் சில முதலாளிகளுக்கு நம்மைப் பிடிக்காது. எனக்கு அந்த அனுபவம் உண்டு, விவரம் வேண்டாம்.

மொழி தெரியாமல் வந்திறங்கியவர்களால்தான் நமக்கே சபை வந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஈரோட்டில் பிரப் சர்ச் யார் பேரில் இருக்கிறதோ அந்த ஏ. டபிள்யூ. பிரப் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர். அதே ஈரோட்டில் ஊழியம் செய்த எச். ஏ. பாப்ளி, தமிழ்ச் சங்கீதம் கற்றுப் பாடினார். திருக்குறளிலிருந்து தேர்ந்தெடுத்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1931-ல் வெளியிட்டார். சொல்ல வந்தவர், கேட்டுக்கொள்ள அத்தனை நாள் செலவழித்திருக்கிறார். நாம் 'கானா காயா?' (சாப்பிட்டாயா) என்ற இரண்டு சொல்லைக் கற்றுக்கொள்ள அலுத்துக்கொள்கிறோம்.

உதவி செய்யப் போனால் 'மதம் மாத்த வந்துட்டாங்க' என்கிறார்களே?

சொல்வார்கள். அவர்கள் சந்தேகத்தில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. அரிசிப் பையோடு மதப் பிரசாரக் கைப்பிரதியைச் சொருகிக் கொடுத்தவர்கள் இருக்கத்தான் செய்தார்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு, மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பரப்புவது என்றால் தன் மதக் கொள்கையை எடுத்துச் சொல்வது, இன்னொருவரை மதம் மாற்றுவதே ஓர் உரிமை என்று அதற்குப் பொருள் இல்லை என்றது. தமிழ்நாட்டில் 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, 2004-ல் திரும்பப் பெறப்பட்டது. வேறு சில மாநிலங்களில் இப்படிப்பட்ட சட்டம் நடப்பில் இருக்கிறது, வடக்கேயிருந்து வந்தவர்கள் அந்தப் பயத்தோடு இருப்பார்கள்.

ஆனால் சட்டம் விடுகிறதா என்பதோடு நிறுத்தக் கூடாது என்பது என் கட்சி. யோவான் 6-ல் ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்த மறுநாள் ஜனங்கள் தேடி வந்தபோது இயேசு சந்தோஷப்படவில்லை. அப்பம் புசித்துத் திருப்தியானதினால்தான் என்னைத் தேடுகிறீர்கள் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். எங்கள் விதி இதுதான்: உதவி போகிற கையில் கைப்பிரதி போகாது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறவர் அன்றைக்கு விசுவாசத்தைப் பற்றிப் பேச்சை எடுக்க மாட்டார். படுக்கையில் இருப்பவரால் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாது.

அப்படியென்றால் விசுவாசத்தைச் சொல்லவே கூடாதா?

கேட்டால் சொல்லுங்கள். கேட்பார்கள், அதில் சந்தேகம் வேண்டாம். ஆறு மாதம் ஒருத்தர் வீட்டுத் திண்ணையில் டீ குடித்தால் "எதுக்குங்க இப்படி வர்றீங்க?" என்ற கேள்வி தானாக வரும்.

1 பேதுரு 3:15, நம் நம்பிக்கையைக் குறித்து "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறது. வணக்கத்தோடு என்ற சொல்லை நாம் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. ஒலிபெருக்கியைக் கோயில் பக்கம் திருப்பி வைத்துப் பேசுவதில் சாந்தமும் இல்லை, வணக்கமும் இல்லை. எபேசுவில் பவுலின் ஆட்களைக் கூட்டம் இழுத்து வந்தபோது, இவர்கள் உங்கள் தேவியைத் தூஷித்தவர்கள் அல்ல என்று ஊர்ச் சம்பிரதியே (நகர அதிகாரி) சாட்சி சொன்னார் (அப்போஸ்தலர் 19). நம்மைப் பற்றி நம் ஊர்ப் பூசாரி அப்படிச் சொல்வாரா என்று யோசித்துப் பாருங்கள்.

சொல்லும்போது உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. நடக்காததைச் சேர்க்காதீர்கள்.

மாரியம்மன் நோம்பிக்குக் கூப்பிட்டால் போகலாமா? கிடா விருந்தில் சாப்பிடலாமா?

இதில் சபைக்குச் சபை அபிப்பிராய பேதம் உண்டு, எங்கள் ஏழு பேருக்குள்ளேயே உண்டு. பவுல் கொரிந்தியருக்கு எழுதினது: விசுவாசியாத ஒருவர் விருந்துக்கு அழைத்து, போக மனதிருந்தால், ஒன்றையும் விசாரிக்காமல் முன்னால் வைத்ததைப் புசியுங்கள். இது படைத்தது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால் புசியாதிருங்கள் (1 கொரிந்தியர் 10). நான் போகிறேன். கம்பத்தைச் சுற்றி ஆடும்போது ஓரமாக நின்று பார்க்கிறேன், சாமி கும்பிடும் நேரம் கும்பிடுவதில்லை, விருந்தில் உட்காருகிறேன். படையல் சோறு என்று சொல்லிக் கொடுத்தால் கையெடுத்துக் கும்பிட்டு, "எனக்கு வேண்டாமுங்க, தப்பா எடுத்துக்காதீங்க" என்கிறேன். இதுவரை யாரும் தப்பாக எடுக்கவில்லை. வராமலேயே இருந்தவர்களைத்தான் தப்பாக எடுத்தார்கள்.

காலனியிலிருந்து ஒருவர் சபையில் சேர்ந்தால் எஸ்.சி. சான்றிதழ் போய்விடுமா?

இதை முதலிலேயே சொல்லாமல் ஞானஸ்நானம் கொடுப்பது ஏமாற்று வேலை. 1950-ன் ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர். 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியேதான். தமிழ்நாட்டில் கிறிஸ்தவராகும் ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு வருவார். அருந்ததியர் என்றால் 2009-ல் கிடைத்த 3 சதவீத உள்ஒதுக்கீடும் கிடையாது. இதை மாற்றச் சொல்லி 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு மத்திய அரசைக் கேட்டிருக்கிறார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கிறிஸ்தவ விசுவாசத்தில் வாழ்ந்துகொண்டு வேலைக்காக மட்டும் இந்து என்று சான்றிதழ் கேட்பதை ஏற்கவில்லை.

ஆக, சேருகிறவருக்குப் பிள்ளையின் கல்லூரிச் சீட்டு வரை அதன் விலை நீளும். பிறவிக் கிறிஸ்தவனான எனக்கு அப்படி எந்த விலையும் இல்லை. அந்த விலையைத் தெரிந்துகொண்டு யோசிக்க அவருக்கு எத்தனை வருஷம் வேண்டுமானாலும் எடுக்கட்டும். 'சான்றிதழில் ஒன்று, மனசில் ஒன்று வைத்துக்கொள்' என்று குறுக்கு வழி சொல்லிக் கொடுக்காதீர்கள். அப்படி இருப்பவர்களைத் தூற்றவும் செய்யாதீர்கள்.

பிள்ளைகளை விடுமுறை வேதாகமப் பள்ளிக்குக் கூட்டி வரலாமா?

அப்பா அம்மா இருவரிடமும் கேட்டு, அவர்கள் சம்மதித்தால். மிட்டாய் காட்டிக் கூட்டி வரக் கூடாது.

வியாதிக்காக ஜெபிக்கலாமா?

ஜெபியுங்கள், மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கலாமா?

வேண்டாம். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது என்றால் வாட்ஸ்அப்புக்கும் தெரியக் கூடாது.

உதவி வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காதவர்களை என்ன செய்வது?

லூக்கா 17-ல் பத்துக் குஷ்டரோகிகள் சுத்தமானார்கள், நன்றி சொல்லத் திரும்பி வந்தது ஒருவன், அவனும் சமாரியன். பத்துக்கு ஒன்று. ஒன்பது பேருடைய குஷ்டம் திரும்பி வந்ததாக எழுதியில்லை.

எங்க வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். என்ன செய்ய?

தெருவுக்குப் போவதைவிட இதுதான் கஷ்டம். போவது நம் கையில் இருக்கிறது, அவர்களை நம் வீட்டுக்குக் கூட்டி வருவது வீட்டார் கையில் இருக்கிறது.

சண்டை போட்டுச் சாதிக்காதீர்கள். அந்தச் சண்டையில் நோவது வந்த விருந்தாளிக்குத்தான். என் அம்மாயி கடைசி வரை வெளியாளுக்கென்று தாழ்வாரத்தில் தனித் தட்டு வைத்திருந்தவர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போனவர். அவரோடு வாதாடி ஒரு தடவைகூட நான் ஜெயிக்கவில்லை. ஒரு நாள் ஜார்க்கண்ட் தம்பியைக் கூட்டி வந்து, நானும் தாழ்வாரத்திலேயே உட்கார்ந்து அந்தத் தட்டில் சாப்பிட்டேன். அம்மாயி ரொம்ப நேரம் நிலைப்படியில் நின்றார். "ரெண்டு பேரும் உள்ள வந்து தின்னுங்க கண்ணு, ஈ மொய்க்குது" என்றார். ஈ இல்லை. தட்டு அதற்கப்புறமும் தாழ்வாரத்தில்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் சேர்ந்தார்கள்?

கமிட்டியில் வருஷா வருஷம் கேட்கிறார்கள். ஞானஸ்நானம் எடுத்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் மகள் படிப்புக்காக வேறு ஊருக்குப் போய்விட்டார். ஜார்க்கண்ட் தம்பியை இதில் சேர்க்க முடியாது, அவர் எங்களுக்கு முன்பே சேர்ந்தவர். இப்போது மாதம் ஒரு ஞாயிறு அவர் மொழியில் ஒரு பாட்டு பாடுகிறோம், உச்சரிப்பு மோசம்.

காலனி அம்மா சபைக்கு வருவதில்லை, வருவதாகவும் சொல்லவில்லை. நாங்கள் போகிறோம். இப்போதெல்லாம் மகனைக் கடைக்கு அனுப்புவதில்லை, நாங்கள் செருப்பைக் கழற்றும்போதே ஷெல்பிலிருந்து டம்ளரை எடுத்துவிடுகிறார். சர்க்கரை மட்டும் ரொம்பத் தூக்கல். எனக்கும் டீச்சருக்கும் சுகர். அதைச் சொல்லத்தான் இன்னும் தைரியம் வரவில்லை.